எழுத்தாளருக்கு இணையதளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

எழுத்தாளருக்குத் தனியாக ஓர் இணையதளம் தேவையில்லை என்பது தமிழ்ப் பதிப்புலகில் கிட்டத்தட்ட முடிந்த முடிவாகிவிட்டது. வாசகர்கள் முகநூலில் இருக்கிறார்கள், புத்தகம் அமேசானிலும் பதிப்பாளரின் தளத்திலும் கிடைக்கிறது, வாழ்க்கைக் குறிப்பு விக்கிப்பீடியாவில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு தளத்தில் வைக்க என்ன மிச்சம் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பத்துப் பதினைந்து நூல்கள் எழுதியவர்கள், பதிப்பகம் நடத்துபவர்கள், நாள் முழுக்க இணையத்தில் புழங்குபவர்கள். அதனால்தான் இந்தக் கருத்து இளைய எழுத்தாளர்களிடமும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டது. முதல் தொகுப்பு வந்ததும் அட்டைப்படத்தை முகநூலில் ஏற்றுகிறார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து இரண்டு மாதம் ஆனால் அந்தப் புத்தகம் வந்த தடமே இணையத்தில் மங்கிவிடுகிறது.

தளம் என்றால் விளம்பரம் என்ற நினைப்பிலிருந்து பிறந்த கருத்து இது. விளம்பரம்தான் நோக்கம் என்றால் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முகநூலே மேல். நான் வாதிடுவது வேறு ஒன்றுக்காக. ஓர் எழுத்தாளர் எழுதிய அனைத்தும் ஒழுங்காக, தேதியோடு, தேடினால் கிடைக்கும்படி, அவருடைய பொறுப்பிலேயே இருக்கும் இடம் ஒன்று வேண்டும். அந்த வேலையை இன்று முகநூல் செய்யவில்லை, அமேசான் செய்யவில்லை, பதிப்பகமும் செய்யவில்லை.

வாசகரின் பக்கமிருந்து பார்ப்போம். கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஒரு சிறுகதை இருக்கிறது. அதைப் படித்த மாணவிக்குக் கதை மனத்தில் தங்கிவிடுகிறது. இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார், எதிலிருந்து தொடங்கலாம், அந்தப் புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறதா, யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவள் தெரிந்துகொள்ள விரும்புகிறாள். பெயரைக் கூகுளில் தேடுகிறாள். எழுத்தாளரின் முகநூல் பக்கம் வருகிறது. உள்ளே போனால் பிறந்தநாள் வாழ்த்துகள், ஒரு விருதைப் பற்றிய சண்டை, அடுத்த ஞாயிறு நடக்கும் கூட்டத்தின் அழைப்பிதழ், ஒரு நண்பருக்கு அஞ்சலி. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. கணக்கு இல்லாதவள் என்றால் சிறிது தூரம் கீழே போனதும் உள்நுழையச் சொல்லிப் பக்கம் மறித்துக்கொள்ளும். அவள் வயதில் பலருக்கு முகநூல் கணக்கே கிடையாது என்பதையும் நம் மூத்த எழுத்தாளர்கள் கவனிப்பதில்லை. முகநூலுக்குப் பதில் இன்ஸ்டாகிராமை நம்பலாம் என்றால், அங்கே பதிவுக்குக் கீழே எழுதும் வரிகளில் சுட்டியைப் போட்டால் அது திறக்காது.

வாசகர்கள் எல்லோரும் முகநூலில் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது உண்மையில் நாம் சொல்வது, நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான். அவர்கள் நண்பர்கள், சக எழுத்தாளர்கள், விழாக்களில் சந்தித்தவர்கள். அவர்களுக்கு நம்மைத் தேட வேண்டிய தேவை இல்லை. தேட வேண்டியிருப்பவர்கள் வேறு ஆட்கள்: கோலாலம்பூரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், நூலகத்துக்குப் பட்டியல் தயாரிப்பவர், ஆய்வேட்டுக்குத் தரவு தேடும் மாணவர், தமிழிலிருந்து எதை மொழிபெயர்க்கலாம் என்று பார்க்கும் ஒருவர். இவர்கள் நாளை வரலாம், நாம் போன பிறகு வரலாம். முகநூல் இன்றைய பதிவை இன்றைக்குக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டது. 2013இல் ஒருவர் அங்கே எழுதிய அருமையான கட்டுரையை இன்று தேடி எடுக்க எழுதியவராலேயே முடிவதில்லை.

இன்னொன்று நம் கண்முன்னே நடந்தும் நாம் அதிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை யாஹூ குழுமங்களில் எழுதியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களில் பின்னாளில் நாவலாசிரியர்களாகவும் கட்டுரையாளர்களாகவும் அறியப்பட்ட பலர் வாதிட்டார்கள், கதைகளை வெளியிட்டார்கள், ஒருவரையொருவர் திருத்தினார்கள். யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் சேமிப்பை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடியது. அதற்கு முன்பே 2009இல் ஜியோசிட்டீஸ் போயிற்று. 2014 செப்டம்பரில் ஆர்குட் போயிற்று. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போயிற்று. ஒவ்வொரு முறையும் அங்கே இருந்த தமிழ் எழுத்தில் யாரோ முன்யோசனையுடன் எடுத்து வைத்தது மட்டும் மிஞ்சியது. முகநூல் நாளையே மூடப்படும் என்று நான் சொல்லவில்லை. அதை நடத்துபவர்களுக்குத் தமிழ் எழுத்தைப் பாதுகாக்கும் கடமை ஏதும் இல்லை என்று சொல்கிறேன். யாரோ சிலர் கூட்டாகப் புகார் அனுப்பியதால் ஒரே இரவில் முடங்கிப்போன கணக்குகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கணக்கு திரும்பி வரும்வரை அந்த எழுத்தாளர் பொதுவெளியில் இல்லாதவராகிவிடுகிறார்.

சரி, புத்தகத்தைப் பற்றிய விவரம் பதிப்பாளரின் தளத்தில் இருக்கிறதே என்கிறார்கள். பதிப்பாளர் தான் வெளியிட்ட நூல்களை மட்டும்தான் பட்டியலிடுவார், அது நியாயம்தான். ஆனால் தமிழில் முப்பது ஆண்டு எழுதிய ஒருவரின் புத்தகங்கள் ஐந்தாறு பதிப்பகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு மூடப்பட்டிருக்கும். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, நூலக ஆணைக்காகக் காத்திருந்து, அது வராமல் போய், இரண்டாம் பதிப்பு காணாத தொகுப்புகள் எத்தனையோ. அவை எந்தப் பதிப்பாளரின் பட்டியலிலும் இல்லை. இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லக்கூடியவர் எழுதியவர் ஒருவர்தான்.

அமேசானைப் பற்றி இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை, உரிமைச் சிக்கல் காரணமாக, காசு கொடுத்து வாங்கிய வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அந்த நிறுவனம் நீக்கியது. 2022 பிப்ரவரியில், தன் கையிலிருந்த வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை மூடுவதாக அறிவித்தது. இந்திய மொழிகளிலிருந்து மொழிபெயர்ப்புகளை வெளியிட்டுவந்த அதன் எகா பிரிவும் சேர்ந்து நின்றது. நல்வாய்ப்பாகப் பிரதிலிபி என்னும் இணையக் கதைத் தளத்தின் துணையோடு அந்தக் குழு மீண்டும் எழுந்தது. இடைப்பட்ட மாதங்களில் எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களின் கதி என்ன என்று தெரியாமல் தவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களை அழித்தது. கடை கடையாகத்தான் நடந்துகொள்ளும். அதை நூலகம் என்று நாம் எண்ணிக்கொண்டால் தவறு நம்முடையது.

விக்கிப்பீடியாவும் 2022இல் தொடங்கிய தமிழ் விக்கியும் மதிப்புக்குரிய பணிகள். தமிழ் விக்கியில் சிற்றிதழ் எழுத்தாளர்களைப் பற்றி இருக்கும் பதிவுகள் சில, அந்த ஆட்களைப் பற்றி வேறெங்கும் கிடைக்காதவை. ஆனால் கலைக்களஞ்சியம் எழுத்தாளரைப் பற்றியது. எழுத்து இருக்கும் இடம் அன்று. அங்கே பதிவு எழுத உட்காரும் தன்னார்வலருக்கும் நம்பத்தகுந்த தரவு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எழுத்தாளரின் சொந்தத் தளத்தில் நூற்பட்டியல் சரியாக இருந்தால் கலைக்களஞ்சியத்தின் பிழையும் குறையும்.

இனி, இருப்பதிலேயே கண்ணியமான மறுப்புக்கு வருகிறேன். எழுத்தாளன் எழுதினால் போதும், தன்னைத் தானே காட்சிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, நல்ல எழுத்தைக் காலம் கண்டுகொள்ளும் என்பது அது. சிற்றிதழ் மரபில் வளர்ந்தவர்களிடம் இந்தக் கூச்சம் ஆழமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காலம் தானாக எதையும் கண்டுகொண்டதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பழைய இதழ்களைப் புரட்டி, தூசியில் தும்மி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு கண்டெடுத்தார். அதைத்தான் நாம் காலம் என்கிறோம்.

புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய கதைகளை முதன்முதலில் வெளிவந்த இதழ், மாதம், ஆண்டு ஆகிய விவரங்களோடு காலவரிசையில் அடுக்கிய முழுத்தொகுப்பு ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் காலச்சுவடு வெளியீடாக வந்தது 2000இல். நடுவே ஐம்பத்திரண்டு ஆண்டுகள். நவீனத் தமிழின் ஆகப்பெரிய சிறுகதை ஆசிரியருக்கே இந்த நிலை. அவர் பல புனைபெயர்களில் எழுதினார். மணிக்கொடியிலும் ஊழியனிலும் கலைமகளிலும் வந்தவை தொகுப்புகளுக்குள் வரும்போது தேதியை இழந்தன. தழுவல் எது, சொந்தப் படைப்பு எது என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. பாரதிக்காகச் சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே கொடுத்துக் காலவரிசைத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பாரா? இன்று எழுதிக்கொண்டிருக்கும் நல்ல கதாசிரியர்களில் எத்தனை பேரால், தம் பதினைந்தாவது கதை எந்த இதழில் எந்த மாதம் வந்தது என்று கேட்டால் சொல்ல முடியும்? கதையின் பெயர், முதலில் வந்த இதழ், மாதம், ஆண்டு, எந்தத் தொகுப்பில் சேர்ந்தது, தொகுப்பில் திருத்தப்பட்டதா என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வைப்பதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? அது பின்னால் வருபவருக்குச் செய்யும் உதவி. தளத்தில் வேறெதுவும் இல்லாமல் அந்த ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் அதை நான் நல்ல தளம் என்பேன்.

எழுத்தை இலவசமாகத் தளத்தில் போட்டால் புத்தகம் யார் வாங்குவார் என்பது அடுத்த கேள்வி. பதிப்பாளர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாள் வெண்முரசைத் தம் தளத்தில் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார். 26 நாவல்கள். அத்தனையும் இன்றும் அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அதே நாவல்கள் தடித்த, விலை கூடிய செம்பதிப்புகளாகவும் அச்சேறின, முன்பதிவு செய்து வாங்கப்பட்டன. 2011இல் அவர் தளத்தில் அடுத்தடுத்து வந்த அறம் கதைகள் புத்தகமாகித் தமிழில் அண்மைக்காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்ட தொகுப்புகளில் ஒன்றாயின. அவருடைய கருத்துகளோடு எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபடலாம். அவர் தளம் செய்து காட்டியதை மறுக்க முடியாது.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. ஆண்டி வெயர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் தம் சொந்தத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். கிண்டிலில் படிக்க வசதி செய்யுங்கள் என்று வாசகர்கள் கேட்டதால் 2011இல் 99 சென்ட் விலையில் மின்னூலாக்கினார். 2014இல் கிரவுன் பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது, 2015இல் ரிட்லி ஸ்காட் படமாக்கினார். பிராண்டன் சாண்டர்சன் 'வார்பிரேக்கர்' நாவலை எழுதும்போதே வரைவுகளைத் தளத்தில் வெளியிட்டார். 2009இல் டோர் பதிப்பகம் அச்சிட்டது. எல்லோருக்கும் இது நடக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. படிக்கக் கொடுத்தால் புத்தகம் விற்காமல் போகும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே நான் சொல்ல வருவது. தமிழில் ஒரு தொகுப்பு விற்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அப்படி ஒன்று வந்திருப்பதே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான்.

உரிமை பதிப்பாளரிடம் இருக்கிறது, நான் எப்படிப் போடுவேன் என்று தயங்குபவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கட்டும். எடுத்துப் பார்க்க ஒப்பந்தமே இல்லாதவர்கள்தான் அதிகம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையொப்பமிட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. எழுதித் தந்தும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். ஆக, வாய்ப்பேச்சில் கொடுத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சாகி, இன்று எங்கும் கிடைக்காத தொகுப்பின் உரிமை பெரும்பாலும் எழுதியவரிடமே இருக்கிறது. அதைத் தளத்தில் ஏற்றுவதை யார் தடுக்க முடியும்? புதிய புத்தகம் என்றால் பதிப்பாளரிடம் பேசி முதல் அத்தியாயத்தையோ இரண்டு கதைகளையோ போடலாம். இதற்கு மறுக்கும் பதிப்பாளர் தம் வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

இதுவரை தளமே வேண்டாம் என்பவர்களோடு வாதிட்டேன். தளம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அதைத் தவறாகக் கட்டுபவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. முதல் தரப்பின் அவநம்பிக்கைக்குத் தீனி போடுபவர்கள் அவர்கள்தான். முதல் பக்கத்தில் மூன்று நொடிக்கு ஒரு முறை நகரும் பெரிய படங்கள். ஒரு படத்தில் எழுத்தாளர் விருது வாங்குகிறார், அடுத்ததில் அமைச்சரோடு நிற்கிறார், அதற்கடுத்ததில் சூரிய அஸ்தமனத்தின் மேல் அவருடைய பொன்மொழி. நூல்கள் என்ற பக்கத்தில் அட்டைப்படங்கள் மட்டும் வரிசையாக இருக்கும். தொட்டால் படம் பெரிதாகும், வேறொன்றும் நடக்காது. மதிப்புரைகள் என்ற பக்கத்தில் நாளிதழ்த் துணுக்குகளை ஸ்கேன் செய்த படங்கள். கைபேசியில் அவற்றைப் படிக்க முடியாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாக எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இல்லை. பார்வையற்ற வாசகர்கள் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு தமிழ் படிக்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு அந்தப் படம் வெற்றிடம். இப்படிக் கட்டிய தளத்துக்கு ஆள் வரவில்லை என்றால் அதில் வியப்பென்ன?

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். அதில் நூலின் பெயர், வகை, முதல் பதிப்பு வந்த ஆண்டு, இப்போதைய பதிப்பாளர், பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என். எண் ஆகியவை எழுத்தாக இருக்க வேண்டும். புத்தகம் எதைப் பற்றியது என்று ஐந்தாறு வரி, அதன் பிறகு படித்துப் பார்க்க ஒரு பகுதி. தமிழ்நாட்டில் புத்தகம் வாங்குபவர்களில் பலர் பதிப்பகத்துக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு, கூகுள் பேயில் பணம் அனுப்பி, கூரியரில் வாங்குகிறவர்கள்; எனவே பதிப்பகம் ஆர்டருக்கென்று தரும் எண்ணையும் அங்கேயே போட வேண்டும். அச்சில் இல்லை என்றால் அச்சில் இல்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் கடை கடையாக அலைபவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் நேர்ந்த அச்சுப்பிழைகளையும் தகவல் பிழைகளையும் அதே பக்கத்தில் திருத்தித் தரலாம். நம் நூல்களில் மெய்ப்புப் பார்க்கும் லட்சணத்துக்கு இது பெரும் உபகாரம். புதிதாக வருபவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று எழுத்தாளரே சொல்லும் குறிப்பு ஒன்று முதல் பக்கத்தில் இருந்தால், இருபது அட்டைகளுக்கு முன்னால் திகைத்து நிற்பவருக்கு வழி கிடைக்கும்.

தமிழ் எழுத்தின் தேவை வேறு என்பதை வடிவமைப்பாளர்கள் உணர்ந்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த மாதிரிப் பக்கத்தில் தமிழை ஊற்றினால், மேலும் கீழும் நீளும் எழுத்துகள் அடுத்த வரியோடு முட்டுகின்றன. வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல ஒன்றே முக்கால் மடங்காவது இருக்க வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. கைபேசியின் குறுகிய திரையில் இரு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்தினால் நடுவில் ஓட்டைகள் விழுகின்றன. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து அழகாகத் தோன்றலாம். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவருக்கு அது தெரியாது. பக்கம் கனமில்லாமல், சிக்னல் குறைந்த ஊரிலும் திறக்க வேண்டும். நாவல் படிக்க வந்தவருக்கு வேண்டியது எழுத்து. மற்றதெல்லாம் அதற்கு வழிவிட வேண்டும்.

எழுத்துருச் சிக்கலை நாம் மறந்துவிட்டோம், அதுவோ இன்னும் தீரவில்லை. 1990களின் கடைசியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் வந்த தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதப்பட்டன. இன்று அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. பதிப்பகங்களில் பக்கம் அமைத்த பழைய கோப்புகள் பலவும் யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. புத்தகம் அச்சுக்குப் போகும் நாளிலேயே, கடைசித் திருத்தம் வரை சேர்ந்த பிரதியை யூனிகோடில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் எழுத்தாளர்களுக்கு வர வேண்டும். பதிப்பகம் மூடிய பிறகு, டிடிபி செய்தவரின் கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒரு நாவலை மீட்கும் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அசோகமித்திரனை ரோமன் எழுத்தில் எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். பெருமாள்முருகனைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள். எழுத்தாளர் தம் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தளத்தில் ஓரிடத்தில் குறித்து வைத்தால் தேடுபவருக்கு ஆள் கிடைப்பார். இதோடு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் கட்டாயம் தேவை: யார் இவர், என்னென்ன எழுதியிருக்கிறார், எவை மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன, எவற்றின் உரிமை யாரிடம் இருக்கிறது, கேட்க வேண்டுமானால் எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும். பெருமாள்முருகனின் 'பூக்குழி' அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அதே ஆண்டு ஜனனி கண்ணன் மொழிபெயர்த்த 'ஆளண்டாப் பட்சி' ஜேசிபி பரிசைப் பெற்றது. தமிழ்ப் புனைவின் பக்கம் வெளியுலகம் திரும்பிப் பார்க்கும் காலம் இது. இந்த நேரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்டு எழுத முகவரி தெரியாமல் அடுத்த எழுத்தாளரிடம் போய்விட்டால் இழப்பு யாருக்கு?

செலவைப் பற்றிப் பேசுகிறார்கள். டொமைன் பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், இடத்துக்கு இன்னும் ஓரிரு ஆயிரம். புத்தக வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் தேநீரும் பேனரும் அதைவிடப் பல மடங்கு. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் இலவசம். தொழில்நுட்பம் தெரியாது என்பது மெய்யான இடர்தான். அதைத் தெரிந்த வாசகர் ஒவ்வொரு எழுத்தாளரைச் சுற்றியும் இன்று இருக்கிறார். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: டொமைன் பெயர் எழுத்தாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். தளம் செய்து தந்த தம்பியின் கணக்கில் பதிவாகி, அவர் வெளிநாடு போய், புதுப்பிக்கும் கடிதத்தை யாரும் பார்க்காமல், பெயர் கைமாறி, எழுத்தாளரின் பெயரிலேயே சூதாட்டத் தளம் ஓடும் கொடுமை நடந்துகொண்டிருக்கிறது.

மூத்த எழுத்தாளர்கள் தங்கள் குடும்பத்தாரோடு பேச வேண்டியதும் இதைத்தான். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கிறது. வீட்டையும் நிலத்தையும் யாருக்கு என்று எழுதி வைப்பவர்கள், நூல்களின் உரிமை யாரிடம், தளத்தின் கடவுச்சொல் யாரிடம், ஆண்டுதோறும் பணம் கட்டப்போவது யார் என்பதை எழுதி வைப்பதில்லை. இலக்கியத்தில் நாட்டமில்லாத பிள்ளைகள் என்றால் நம்பகமான வாசகர் ஒருவரையோ பதிப்பாளரையோ பெயர் குறித்து நியமிக்கலாம். ஒரு டொமைன் பெயரை ஒரே தடவையில் பத்து ஆண்டுகள் வரை பதிந்துகொள்ள முடியும். எழுத்து முழுவதையும் ஒரு நகல் எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்ற முடியும். இலங்கைத் தமிழர் என்றால் 2005 முதல் ஈழத்து எழுத்தையெல்லாம் மின்வடிவில் சேகரித்துவரும் நூலகம் திட்டத்துக்கும் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் கட்டணம் கேட்பதில்லை.